டிரெயில் கேமராவில் படம் சரியாக வரவில்லையா? சர்வீசுக்கு அனுப்பும் முன் இதையெல்லாம் பாருங்கள்

போன வருடம் பங்குனியில், சாயல்குடிக்குத் தெற்கே எங்கள் பனங்காட்டில் தினமும் ராத்திரி பதநீர்க் கலயங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. மரநாய்தான் என்றார் மரமேறும் அண்ணாச்சி. பக்கத்து ஊர்ப் பையன்கள்தான் என்றார் சித்தப்பா. பேச்சு சண்டையாகிவிடும் போலிருந்ததால் நான் ஆன்லைனில் 9,500 ரூபாய்க்கு விலங்கோ ஆளோ குறுக்கே போனால் தானாகப் படம் எடுக்கும் ஒரு டிரெயில் கேமரா வாங்கி, ஒரு பனையில் கட்டி, எதிர்ப் பனையின் அடிமரத்தைப் பார்க்கும்படி வைத்தேன். எட்டாம் நாள் கார்டை எடுத்துப் பார்த்தால் 2,140 படங்கள். பகல் முழுக்க ஆடு, கருவேலங்கிளை, மறுபடி ஆடு. இரவுப் படங்களில் பாதி கும்மிருட்டு, மீதி வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒரே வெளுப்பு. சித்தப்பா போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்னப்பு, பேயவா படம் புடிச்சிருக்க?" என்றார்.

பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வாங்கிய கடைக்கே அனுப்பினேன். 38 நாள் கழித்து, "குறை எதுவும் இல்லை" என்று ஒரு சீட்டோடு திரும்பி வந்தது. கூரியருக்குப் போக வர 640 ரூபாய் செலவு, அதற்குள் பதநீர் சீசனும் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அவர்கள் சொன்னது உண்மைதான், கேமராவில் குறை இல்லை. பேட்டரி செல், கார்டு, கட்டிய இடம், கட்டிய திசை எல்லாவற்றையும் நான்தான் தப்பாகச் செய்திருந்தேன். கடற்கரை ஓரத்தில் முதல் கேமரா கட்டப்போகிறவர்களுக்காக, செலவு குறைந்த சோதனை முதலில் வரும்படி வரிசையாக எழுதுகிறேன்.

1. முதல் வாரம் வீட்டு முற்றத்தை விட்டு நகராதீர்கள்

ஆன்லைனில் வாங்கும் பொருளைத் திருப்பிக் கொடுக்க ஏழு அல்லது பத்து நாள்தான் தருவார்கள். நான் அந்த நாட்களைப் பனங்காட்டிலேயே கழித்துவிட்டேன். நீங்கள் பெட்டியைப் பிரித்த அன்றே முற்றத்தில் கட்டிவிடுங்கள். கோழி, பூனை, வீட்டு ஆட்கள் நடமாட்டமே சோதனைக்குப் போதும். பகலில் நிறம் சரியாக வருகிறதா, இரவில் நாலு மீட்டர் தள்ளி நிற்கும் ஆளின் முகம் தெரிகிறதா, மூன்று நாள் கழித்தும் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை, கேமராவுக்குள் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். உப்புக்காற்றில் அந்த ஸ்டிக்கர் ஒரே வருடத்தில் வெளுத்துவிடுகிறது. அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.

2. எங்கே கட்டலாம், யாரிடம் சொல்ல வேண்டும்

சொந்தப் பட்டா நிலத்தில் கட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம். அடுத்தவர் தோப்பு என்றால் வாய்வார்த்தையாகக் கேட்டால் மட்டும் போதாது, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா காணாமல் போனால் புகார் கொடுக்க அந்தக் காகிதமும் பில்லும் உதவும்.

சக்கரக்கோட்டை, சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் கண்மாய்களெல்லாம் பறவைகள் சரணாலயங்கள். ஊர்க் கண்மாய்தானே என்று கரையில் கேமரா கட்டிவிட்டு வரக்கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளும் அப்படித்தான், அவை தேசியப் பூங்கா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படம் எடுக்க, ஆய்வு செய்ய எல்லாவற்றுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பம் போடுவதானால் பல வாரங்களாவது முன்கூட்டிப் போடுங்கள்.

கடலை ஒட்டிய நிலமாக இருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசாருக்கும் ஊர்த் தலைவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சொல்லாமல் புதருக்குள் கேமரா வைத்தால் கடத்தல்காரனுக்கும் சந்தேகம் வரும், போலீசுக்கும் சந்தேகம் வரும். இன்னொன்று, இதை யாரும் எழுதுவதில்லை: பல ஊர்களில் பெண்கள் காலைக்கடனுக்கு ஒதுங்குவது இந்தக் கருவைக்காட்டில்தான். அந்தப் பாதை எது என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கேமராவின் முகம் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. தவறிப்போய் யாராவது படத்தில் விழுந்துவிட்டால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

3. செல்லை முதலில் சந்தேகப்படுங்கள்

பகல் படம் பளிச்சென்று இருந்து இரவுப் படம் மட்டும் கறுப்பாக வந்தால், பத்துக்கு எட்டு தடவை செல்தான் காரணம் என்பது என் அனுபவம். பகலில் படம் எடுக்க அதிக மின்சாரம் தேவையில்லை. இரவில் முப்பது நாற்பது அகச்சிவப்பு எல்இடிகள் ஒரே நேரத்தில் எரிய வேண்டும், அந்த நொடியில் பழைய ஆல்கலைன் செல்லின் வோல்டேஜ் படுத்துவிடும். செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 1.3 வோல்ட் காட்டும், நல்லாத்தானே இருக்கிறது என்று நாமும் திரும்பப் போட்டுவிடுவோம். நான் இரண்டு முறை அப்படி ஏமாந்தேன்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல்லை இதில் போடவே போடாதீர்கள். ஆல்கலைன் என்றால் கேமராவில் போடும் எட்டு செல்லும் ஒரே கம்பெனியாக, ஒரே நாளில் பிரித்ததாக இருக்கட்டும். பழசும் புதுசும் கலந்தால் பழசு ஒழுகும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான் தரும், ஆனால் கடைசி வரை ஏறக்குறைய அதே அளவைத் தரும் என்பதால் இரவுப் படத்துக்கு நல்லது. சில கேமராக்கள் மட்டும் அந்த 1.2 வோல்ட்டைப் பார்த்து "பேட்டரி குறைவு" என்று அணைந்துவிடும், அதனால் வாங்கும் முன் கையேட்டைப் படியுங்கள். எனக்கு எட்டு செல்லும் சார்ஜரும் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது. முதல் மாதம் மனசு வலித்தது. லித்தியம் டபுள் ஏ செல்தான் எல்லாவற்றிலும் சிறந்தது, ஆனால் விலையும் அதிகம், எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதும் இல்லை.

செல் ஒழுகி, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். ஆல்கலைன் ஒழுகல் காரம், புளிப்பு அதை முறிக்கும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரில் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகு செல் போடுங்கள். செல்லை மாற்றியதும் தேதியையும் நேரத்தையும் சரிபார்த்துவிடுங்கள், பல கேமராக்கள் ஜனவரி 1-க்கே திரும்பிப் போய்விடும்.

4. மெமரி கார்டு

படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருப்பது, கோடு கோடாக விழுவது, நடுவில் பத்துப் படம் காணாமல் போவது, வீடியோ இரண்டு நொடியில் நின்றுவிடுவது எல்லாம் கார்டின் வேலை. ஒருமுறை எனக்குக் கிடைத்த கார்டு 64 ஜிபி என்று எழுதியிருந்த போலி. எண்ணூறு படம் வரை ஒழுங்காக எழுதியது, அதற்கு மேல் எல்லாம் திறக்காத கோப்புகள். புதுக் கார்டு வாங்கியதும் கம்ப்யூட்டரில் போட்டு, கார்டு நிறையும் வரை கோப்புகளை ஏற்றித் திரும்பப் படித்துப் பாருங்கள். இதைத் தானாகச் செய்யும் இலவச மென்பொருள்களும் இருக்கின்றன.

வேகத்தில் கிளாஸ் 10, அளவில் 32 ஜிபி போதும். பழைய மாடல்கள் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருக்கும் கார்டை மட்டும்தான் படிக்கும், 64 ஜிபி கார்டு வேறு அமைப்பில் வரும். போனில் இருந்து கழற்றிய சின்னக் கார்டை அடாப்டரில் சொருகிப் போடுவதைத் தவிருங்கள், அந்த அடாப்டரின் தகடுகளில்தான் உப்பு முதலில் ஏறும். கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டு கீழே இறங்கியிருந்தால் படமே பதியாது. சிரிக்காதீர்கள், ஒரு வாரம் எனக்கு அப்படித்தான் போனது.

ஃபார்மேட் செய்வது எப்போதும் கேமராவுக்குள் வைத்துத்தான். கேமராவை அணைத்த பிறகே கார்டை உருவ வேண்டும். இரண்டு கார்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் தோப்பில் நின்று படம் பார்க்கும் நேரமும் மிச்சம்.

அப்புறம், மெனுவில் 48 மெகாபிக்சல் என்று இருக்கும். பெரும்பாலும் அது படம் பதியும் சின்ன சென்சாரின் படத்தைக் கணக்குப் போட்டு ஊதிப் பெரிதாக்குவதுதான். கார்டு சீக்கிரம் நிறையும், அடுத்த படத்துக்குத் தாமதம் ஆகும், உரோமம் ஒன்றும் கூடுதலாகத் தெரியாது. 8 அல்லது 12-ல் வையுங்கள்.

5. ஆயிரக்கணக்கில் காலிப் படங்கள், அல்லது ஒன்றுமே இல்லை

விலங்கு வருவதை உணர்ந்து கேமராவை இயக்கும் சென்சாருக்குக் கண் கிடையாது. பின்னணியின் சூட்டுக்கும் அதன் குறுக்கே போகும் உடம்பின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதற்குத் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெயிலில் காய்ந்த சீமைக்கருவேலங்கிளை காற்றில் ஆடினால் சென்சாரின் கணக்கில் அதுவும் ஒரு விலங்குதான். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை நம் பக்கத்தில் கிளை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. கேமராவுக்கு முன்னால் ஆறேழு மீட்டர் வரை கிளை, கோரை, காய்ந்த ஓலை எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். மழைக்குப் பிறகு கருவை எவ்வளவு வேகமாகத் துளிர்க்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கார்த்திகை, மார்கழியில் பத்து நாளுக்கு ஒருமுறை அரிவாளோடு போக வேண்டியிருக்கும். கேமராவைக் கருவை மரத்தில் கட்டாதீர்கள், மரமே ஆடும். முற்றிய பனையின் அடிமரம் அசையாது. அடியில் கருக்கு நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் சீவிவிட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் கேமராவைக் கட்டும் பட்டை அறுந்துபோகும்.

இதற்கு நேர் எதிரான தொல்லை சித்திரையில் வரும். மணலின் சூடும் விலங்கின் மேல்தோல் சூடும் ஒன்றாகிவிடும் நேரத்தில், கண் முன்னால் கீரி ஓடினாலும் சென்சார் சும்மா இருக்கும். பெட்டியில் 25 மீட்டர் என்று போட்டிருப்பது குளிர்ந்த இடத்தில், பெரிய உடம்புக்குச் சொன்ன தூரம். நம் ஊர்க் கோடையில் மூன்றிலிருந்து ஐந்து மீட்டருக்குள் விலங்கு வரும்படி கட்டுங்கள். கோடையில் சென்சிட்டிவிட்டியை உயர்வில் வையுங்கள், கச்சானில் நடுத்தரத்துக்கு இறக்குங்கள்.

உயரம்: கீரி, மரநாய், முயலுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, அதாவது 30 முதல் 50 செ.மீ. நான் முதலில் இடுப்புயரத்தில் கட்டி, மரநாய்க்குத் தலைக்கு மேலே வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தடத்துக்கு நேர் குறுக்கே பார்க்க வைத்தால் விலங்கு சட்டென்று கடந்து, வால் மட்டும் கிடைக்கும். தடத்தை நேராகப் பார்க்க வைத்தால் சென்சாருக்குக் குறுக்கசைவு தெரியாமல் தாமதமாகத்தான் எடுக்கும். 45 டிகிரி சாய்வாக வைப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது.

ஆடுகளுக்கு ஒரே மருந்து நேர அமைப்பு. ராத்திரி ஏழிலிருந்து காலை ஐந்து வரை மட்டும் வேலை செய்யும்படி வைத்தேன், 2,140 படம் 90-க்கு இறங்கியது. செல்லும் இரண்டு மடங்கு நாள் உழைத்தது.

6. எந்தத் திசை?

கிழக்கும் மேற்கும் கூடாது. சூரியன் நேராக லென்சுக்குள் விழுந்து படம் வெளுக்கும், சென்சாரும் குழம்பும். வடக்குப் பார்க்க வைப்பது நல்லது. வைகாசி, ஆனியில் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வடக்கே போகும்தான், ஆனாலும் நண்பகலில் தலைக்கு மேலேயே நிற்பதால் கேமராவுக்குத் தொந்தரவு இல்லை.

சிக்கல் காற்றில்தான். தொண்டி, தேவிபட்டினம் என்று பாக் ஜலசந்திப் பக்கம் இருப்பவர்களுக்கு வடக்குப் பார்த்த கேமரா வாடைக்காற்றின் உப்புச் சாரலை முகத்தில் வாங்கும். ஐப்பசி முதல் தை வரை அதைத் தெற்கே திருப்பிவிடுங்கள். ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கம் கச்சானில் மணல் பறக்கும். மேற்கே ஒரு ஓலைத் தட்டி மறைப்பு இருந்தால் லென்ஸ் தப்பிக்கும். தலைக்கு மேல் ஒரு ஓலைக் கூரையும் வையுங்கள், கறுப்புப் பெட்டி நேர் வெயிலில் சுட்டால் முதலில் திரைதான் கெடும். ஓலையை இறுகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஐந்தாம் படியின் முதல் தொல்லைக்கே திரும்பிப் போவீர்கள்.

7. பேய்ப் படங்கள்: இரவில் வெளுப்பு, பகலில் ஊதா

முழு வெளுப்புக்குக் காரணம், கேமராவுக்கு மிகப் பக்கத்தில் ஏதோ ஒன்று அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிப்பது. இலையாக இருக்கலாம், சிலந்தி வலையாக இருக்கலாம். எனக்கு அது தரை. கடற்கரை வெள்ளை மணல் இரவு ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பும், போதாக்குறைக்கு எதிர்ப் பனையடியில் சுண்ணாம்பு தடவிய கலயங்களை வேறு கவிழ்த்து வைத்திருந்தோம். கேமராவைக் கொஞ்சம் நிமிர்த்தித் தரை குறைவாகத் தெரியும்படி செய்யுங்கள். அப்படியும் வெளுத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்திரியை எல்இடிகளின் மேல் ஒரு சுற்று ஒட்டினால் ஒளி மட்டுப்படும். கீழே இருக்கும் சென்சாரின் வட்டக் கண்ணாடியையும் லென்சையும் மூடிவிடாதீர்கள்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று: 850 நானோமீட்டர் அலைநீள எல்இடியின் ஒளி தூரம் போகும், ஆனால் இருட்டில் சிவப்பாக மினுங்கும், திருடனுக்கும் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, ஒளி எட்டும் தூரம் குறைவு. ஐந்து மீட்டருக்குள் படம் எடுக்க 940 போதும்.

பகல் படம் முழுக்க ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தால், லென்சுக்கும் படம் பதியும் சென்சாருக்கும் நடுவே பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்ன வடிகட்டி நகராமல் சிக்கியிருக்கிறது. கேமராவை ஆன் செய்து, முன்பக்கத்தைக் கையால் மூடித் திறந்து பாருங்கள். "டிக்" என்று மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் லேசாகத் தட்டி நாலைந்து முறை முயலலாம். அதற்கும் அசையாவிட்டால் அது உண்மையான பழுது.

8. மங்கல்: உப்பா, பனியா?

எல்லாப் படமும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் வெளியே உப்புப் படலம். விடிகாலைப் படங்கள் மட்டும் மங்கி, ஒன்பது மணிக்குத் தெளிந்தால் உள்ளே ஈரம்.

உப்பைத் துடைக்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு, சட்டை நுனியால் ஒரு தேய்ப்பு. உப்போடு மணலும் ஒட்டியிருக்கும், கண்ணாடி கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பிறகு மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய துணியை நனைத்து ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட், தின்னர் வேண்டாம், முன்பக்கம் பல மாடல்களில் பிளாஸ்டிக், வெடிப்பு விழும். கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் என்றால் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

உள்ளே ஈரம் சேர்வது பெரும்பாலும் நம்மால்தான். பனி இறங்கிய விடிகாலையில் கதவைத் திறந்து கார்டை மாற்றினால் அந்த ஈரக்காற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டு வருகிறோம். பதினொரு மணிக்கு மேல், காற்று காய்ந்த பிறகு திறங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் இருக்கும், அதைச் சமையல் சட்டியில் போட்டு வறுக்காதீர்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் ஒரு மணல் துகள் இருந்தாலும் ஈரம் நுழையும். எறும்பும் அந்த வழியாகத்தான் வரும். அதற்கு வேப்பெண்ணெயை மரத்தில் தடவுங்கள், கேமராவில் வேண்டாம்.

9. கடைசியாகத்தான் சர்வீஸ்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மூன்று இரவு விட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது. செல், கார்டு, இடம், துடைப்பு என்று நாலு சோதனைக்கு இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகும் ஊதாப் படம், புதுச் செல்லிலும் இருட்டு, தானாக அணைவது என்று இருந்தால் அனுப்புங்கள்.

அனுப்பும்போது பில் நகல், சீரியல் நம்பர், குறையை எழுதிய ஒரு தாள், நல்ல படம் ஒன்று, கெட்ட படம் ஐந்து. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், நேரம் முதலான விவரங்களும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது மெயிலில். செல்லையும் கார்டையும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், என் முதல் எட்டு செல்லும் கேமராவோடு போனவைதான், திரும்பி வரவில்லை. வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இந்தியாவில் சர்வீஸ் உண்டா, இல்லை மாற்றிக் கொடுப்பார்களா? இரண்டும் இல்லை என்றால் மூவாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கலயத்தைக் காலி செய்தது மரநாய்தான். ஆடி பிறப்பதற்குள் பதினேழு படம் கிடைத்தது. சித்தப்பா இன்னும் அதைக் கீரி என்கிறார்.